பின்சீட்டில் இடம் இருந்தது

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று முறை கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாவது முறை பயிற்சிப் பள்ளிக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிப் போய், "சார், உங்க வீட்ல வேற யாராச்சும் கத்துக்கிறாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நானும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. இப்படிப்பட்ட ஒருவன் ஒரு காரின் எஞ்சினுக்குள் கை வைத்தான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். நீங்கள் முதலில் நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ஐயா.

என் வேலை கண்ணாடிக் கடையில். லென்ஸை அரைத்து, விளிம்பைச் சீவி, சட்டத்துக்குள் உட்கார வைப்பேன். அரை மில்லிமீட்டர் தப்பினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். இருபது வருடத்தில் என்னால் யாருக்கும் தலைவலி வந்ததில்லை. நாள் முழுக்க பவர் எவ்வளவு, பவர் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் பவர். சைக்கிளைக்கூட மேட்டில் இறங்கித் தள்ளுகிற ஆளுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் ஆட்சேபிக்கவில்லை.

மெக்கானிக்கை நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்கள். எங்களுக்கு அவன் சைலன்சர். பேசமாட்டான். ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அன்று அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ் டெப்போவுக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு அவனுக்கு ஒரு ஷெட் உண்டு. பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே ஆஜர். எனக்கென்று மூன்று வேலைகள் இருந்தன. கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது, டார்ச் பிடிப்பது, புதுப் பாகங்களோடு வருகிற குறிப்புத்தாளை வாசித்துச் சொல்வது. தாளில் பொடி எழுத்து. அவனுக்குப் பக்கத்துப் பார்வை மங்கல். மூன்று கண்ணாடி செய்து கொடுத்தேன். மூன்றும் டிராயரில் போல்ட்டுகளோடு கிடக்கின்றன. "நீ படி" என்பான். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் நான் வாரம் முழுவதும் லென்ஸ் அரைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கலாம், நானே சிரித்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பியை அந்த ஷெட்டுக்கு அழைத்துப் போனவன் நான்தான். மருந்துக் கம்பெனி ரெப். டை கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக டாக்டர்களைப் பார்ப்பது அவன் பிழைப்பு. பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவான். எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அவன்தான் உதாரணம். குழாய் ஒழுகினால், "என் தம்பியா இருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பான்" என்பாள் மனைவி. அவன் வந்து பார்த்தால் அவனுக்கும் சரி பண்ணத் தெரியாது. ஆனால் பிளம்பரைச் சிரிக்க வைத்துப் பாதி நேரத்தில் வேலையை முடிக்க வைப்பான். அதுவும் ஒரு திறமைதானே.

அவனிடம் பழைய டீசல் ஹேட்ச்பேக் ஒன்று இருந்தது. சின்ன வண்டி, நிறைய ஓடிய வண்டி. மேம்பாலம் ஏறும்போது லாரிக்காரன்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போகிறான் என்று புலம்பினான். "அத்தான், உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லி டர்போவைப் பெருசு பண்ண முடியுமா?" என்று கேட்டான். எனக்குப் பெருமையாகிவிட்டது. என்னிடம் யாரும் சிபாரிசு கேட்டதே இல்லை.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற விசிறி. அழுத்தினால் காற்று சூடாகும். அதை ஆற்றுவதற்கு இன்டர்கூலர். காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரியும், வண்டி பறக்கும். இதையெல்லாம் வாசித்துச் சொன்னது நான். அவர்கள் மூன்று பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். மூன்றாவது ஆள் பக்கத்து ஷெட் வெல்டர். குழாய் வளைக்கவும் பற்ற வைக்கவும் வந்தவர். வாய் ஓயாமல் பாடுவார், எந்தப் பாட்டும் இரண்டாவது வரிக்கு மேல் தெரியாது.

முதல் ஞாயிறு இன்டர்கூலர். பழையது ஒரு டிபன் பாக்ஸ் அளவு. புதியது முன்பக்கக் கிரில்லின் அகலத்துக்கு இருந்தது. அதை நுழைக்க பம்பரை உள்பக்கமாக வெட்டிக்கொண்டே போனான் சைலன்சர். மைத்துனன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இதுக்கு மேல வெட்டினா பம்பரே இருக்காது. நம்பர் பிளேட்ட என் கழுத்துல மாட்டிக்கிட்டு நான் முன்னாடி ஓட வேண்டியதுதான்."

சைலன்சர் சிரித்தான். வாய்விட்டு, கையில் இருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பதினெட்டு வருடத்தில் நான் அவனைச் சிரிக்க வைத்ததில்லை. முயன்று பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே ஜோக்கை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. அவன் "ம்" என்பான், பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரைக் கேட்பான்.

அன்று மதியம் வேலை முடிந்து பானெட்டை மூடினார்கள். ஓட்டிப் பார்க்க மைத்துனன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான், சைலன்சர் பக்கத்தில். வெல்டர் பின்னால் ஏறினார். நான் மறுபக்கத்துப் பின்கதவைத் திறந்தேன்.

"அத்தான், நீங்க ஷெட்டப் பாத்துக்கங்க. பத்தே நிமிஷம்."

நான் சைலன்சரைப் பார்த்தேன். அவன் இன்டர்கூலர் குழாயை நினைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. எதுவும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கதவைச் சாத்தினேன். நன்றாகச் சாத்தவில்லை என்று வெல்டர் மறுபடி திறந்து சாத்தினார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து ஷெட்டைப் பார்த்துக்கொண்டேன். ஷெட்டும் என்னைப் பார்த்தது. திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆமாம், மூன்று பேரும். எனக்கு ஒரு பார்சல் டீ வாங்கி வந்திருந்தார்கள். ஆறியிருந்தது. குடித்தேன். நாற்பத்து நான்கு வயது ஆள், காரில் ஏற்றிக்கொள்ளவில்லை என்று மூக்கைச் சிந்தாத குறையாக டீ குடிக்கிற காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் பின்சீட்டில் இடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு டர்போ. அதற்கு முன்னால் வியாழக்கிழமை சைலன்சர் எனக்கு போன் செய்தான். அவன் போன் செய்வதே அபூர்வம். டர்போவுக்கு மேலிருந்து எண்ணெய் வரும், சுற்றி வந்து கீழே ஒரு குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்பி இறங்கும். அந்தக் குழாய் சேருமிடத்தில் கசியாமல் இருக்க வைக்கிற தகடு, அதாவது பேக்கிங், டர்போ வந்த பெட்டிக்குள் இல்லை. "நீ வெட்டிக் கொடு. உன் கை சுத்தம்" என்றான். பழைய பேக்கிங்கை மாதிரிக்கும், கூடவே டர்போவின் குறிப்புத்தாளையும் கொடுத்தனுப்பினான்.

சனிக்கிழமை மதியம், கடையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வெட்டினேன். மெல்லிய தகடு, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற துளை, இரண்டு பக்கம் போல்ட் துளைகள். லென்ஸ் விளிம்பைத் தீட்டுகிற சக்கரத்திலேயே தீட்டினேன். அழகாக வந்தது. சாப்பாட்டு நேரம் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. தகடும் மிச்சம் இருந்தது. இன்னொன்று வெட்டினேன். அதில் நடுத்துளை பென்சில் நுழைகிற அளவு.

ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் குறிப்புத்தாளை அதற்கு முந்தைய நாளே வாசித்திருந்தேன். எண்ணெய் திரும்பும் வழி எந்த இடத்திலும் குறுகக் கூடாது, குறுகினால் எண்ணெய் காற்றுப் பாதைக்குள் கசியும் என்று அதில் ஒரு வரி. கொஞ்சம் கசிந்தால் கொஞ்சம் புகை வரும் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்க்கிற அன்று மைத்துனனின் வண்டி தெருவெல்லாம் நீலப் புகை விடும், அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான், சைலன்சர் என்னைப் பார்த்து "நீ படி" என்பான், நான் படித்துக் காரணம் கண்டுபிடிப்பேன். இது ஒரு திட்டம் என்றால் குழந்தைகூடச் சிரிக்கும். நான் அதைத் திட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை இரண்டு பேக்கிங்கும் என் சட்டைப்பையில் இருந்தன. நல்லதை எடுத்து சைலன்சரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், விரலால் சுற்றித் தடவினான். "பிசிறே இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அப்படி ஒரு பாராட்டை அவன் யாருக்கும் தந்து நான் கேட்டதில்லை. இன்னொன்றைச் சாக்கடையில் போட்டுவிடலாம் என்று அந்த நிமிடம் நிஜமாகவே தோன்றியது. அந்த நேரம் பார்த்து மைத்துனன், "அத்தான், டார்ச்ச கொஞ்சம் நேரா பிடிங்களேன், கை ஆடுது பாருங்க" என்றான். கை ஆடவில்லை. என் கை ஆடாது.

குறிப்புத்தாளை வாசித்தேன். அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் வாசித்தேன். பிறகு சைலன்சர் டர்போவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பேக்கிங்க வை" என்றான். நான் கீழே படுத்து, சின்னத் துளை உள்ளதை வைத்தேன். போல்ட்டையும் நானே முடுக்கினேன். முடுக்க எனக்குக் கொடுத்த முதல் போல்ட்டுகள் அவை.

என் லட்சணத்துக்கு அதுவும் உருப்படியாக நடக்கவில்லை. புகையே வரவில்லை. வண்டி பறந்தது. நான் கெடுத்த வண்டிகூட நன்றாக ஓடியது என்பதை என்னைப் பற்றிய சான்றிதழாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மேம்பாலத்தில் மைத்துனன் ஆக்சிலேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். வெல்டர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். சைலன்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து மைத்துனன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கை கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், காலைல ஸ்டார்ட் பண்ணா லேசா நீலப் புகை வருது. ஆயிலும் குறையுது. அண்ணன்கிட்ட கொண்டுபோய்க் காட்டட்டுமா?"

"புது டர்போ, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். குறைஞ்சா ஊத்திக்க" என்றேன். "இதுக்கெல்லாம் அவன்கிட்ட போய் நின்னா மனசு கஷ்டப்படுவான்."

"ஐயையோ, வேணாம். அவர் எவ்வளவு ஆசையாப் பண்ணாரு" என்றான்.

நல்ல பையன். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

சைலன்சர் திறந்து பார்த்தால் பேக்கிங் தெரியும், பேக்கிங்கைப் பார்த்தால் வெட்டிய கை தெரியும். அதனால் அப்படிச் சொன்னேன். அன்று இரவு இல்லை, மறுநாள் காலை, கடைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து போனில் மேலும் படித்தேன். குறையும் எண்ணெய் எங்கே போகிறது என்றால், இன்டர்கூலரின் அடியில் போய்த் தேங்குகிறது. சின்ன இன்டர்கூலரில் அதிகம் தேங்காது. எங்களுடையது பெரியது. நன்றாகத் தேங்கியபின் ஒரு மேட்டில் வேகமாக மிதித்தால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி, டீசலுக்குப் பதில் அதையே எரித்து, தன்போக்கில் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. நிறுத்த ஒரு வழி இருக்கிறது. பிரேக்கை முழுசாக மிதித்து, கடைசி கியரில் போட்டு, கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். அதையும் படித்தேன். மைத்துனனுக்குச் சொல்லி வைக்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். கார் ஓட்டத் தெரியாதவன் திடீரென்று கியரைப் பற்றிப் பாடம் நடத்தினால் வினோதமாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். ஏற்கெனவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு இன்னொரு காரணம் கொடுப்பானேன்.

இன்னும் மூன்று வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை காலை மாமியாரின் கண் பரிசோதனைக்காக அக்காவும் தம்பியும் ஊருக்குக் கிளம்பினார்கள். மனைவி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, கேஸ மூடிட்டீங்களா? மதியத்துக்கு டப்பால எடுத்து வச்சிருக்கேன்."

"பஸ்ல போலாமே" என்றேன்.

"ஏன், கார் இருக்கும்போது பஸ் எதுக்கு?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "சும்மா சொன்னேன்" என்றேன். கையசைத்தேன். புகை லேசாகத்தான் வந்தது.

பதினோரு மணிக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நடந்திருக்கிறது. மீதியை என் மனைவி சொல்லித்தான் தெரியும். எஞ்சின் ஊளையிட்டதாம், பின்னால் எதுவும் தெரியாத அளவுக்குப் புகையாம். தம்பி சாவியைத் திருப்பினான், நிற்கவில்லை. பதற்றத்தில் சாவியையே உருவி எடுத்துவிட்டான். சாவியை எடுத்தால் அந்த வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பாலத்தின் ஓரத்தில் பழுதாகி நின்றிருந்த கான்கிரீட் லாரிக்கு நேராகப் போனது. "அக்கா, சாவிய எடுத்துட்டேன், இன்னும் ஓடுது" என்று அவளிடம் காட்டினானாம். கையில் சாவியை வைத்துக் காட்டினானாம். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

அவள் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். குச்சி ஊன்றி நடக்கிறாள். இதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள்: "சாவிய எடுத்தப்புறமும் எப்படிங்க ஓடும்?" டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, அழுத்தத்திலேயே எரியும், அதனால் எரிய ஏதாவது கிடைக்கிறவரை ஓடும் என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குகிறேன். காலையில் நான்தான் சமைக்கிறேன், நான்தான் குளிக்க வைக்கிறேன். "நீங்க இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல" என்றாள் ஒரு நாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சைலன்சர் மறுநாளே ஷெட்டைப் பூட்டிவிட்டான். தன் கை வேலையில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவனுக்குள் பதிந்துவிட்டது. எந்தத் தப்பு என்று தெரியாமல் ஒவ்வொரு கிளிப்பையும் ஒவ்வொரு குழாயையும் மனதுக்குள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் வீட்டுக்குப் போய் உட்காருவேன். அவன் பேசினான், ஐயா. விபத்துக்குப் பிறகு நாலு மாதம் என்னிடம் பேசினான். "கிளிப்ப ரெண்டாவது தடவ முடுக்கினேனா, நீ பாத்தியா?" என்பான். "பாத்தேன், முடுக்கின" என்பேன். "ஆயில் லைன்?" என்பான். "நல்லாத்தான் இருந்துச்சு" என்பேன். ஒரு நாள் என் தோளில் தலையை வைத்து அழுதான். பதினெட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்காதது அந்த நாலு மாதத்தில் கிடைத்தது. இதைக் கேட்க நன்றாக இருக்காது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள்.

பிறகு உங்கள் ஆட்கள் டர்போவைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் பேக்கிங்கை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சைலன்சருக்குக் காட்டினார்கள். அவன் ரொம்ப நேரம் பார்த்ததாகவும், பிறகு "நான்தான் வெட்டினேன்" என்று சொன்னதாகவும் நீங்களே சொன்னீர்கள். அன்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது இது இல்லை என்று அவனுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். புரிந்தும் தன் மேல் போட்டுக்கொண்டு லாக்கப்புக்குப் போனான்.

நேற்று சாட்சி கேட்க என் கடைக்கு வந்தீர்கள். உறையை மேஜை மேல் வைத்தீர்கள். "ஒரு மெக்கானிக் கையால இவ்வளவு சுத்தமா வெட்ட முடியுமா?" என்று கேட்டீர்கள். சாதாரணமாகத்தான் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன். மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்னேன் என்று இந்தத் தாளில் எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரம் மனசாட்சி எதுவும் செய்யவில்லை. அவ்வளவு பிசிறில்லாமல் நான் வெட்டிய ஒன்றை இன்னொருவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை, அவனே ஆனாலும். "அவனால முடியாது" என்று சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பேக்கிங்கை வெட்டியது நான். வைத்தது நான். அந்த வரியை வாசிக்காமல் விட்டது நான். புகை வருகிறது என்று சொன்னவனைத் தடுத்ததும், என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகு அந்த வண்டியில் என் மனைவியை ஏற்றி அனுப்பியதும் நான். என் மைத்துனனைக் கொன்றது நான். சைலன்சருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இன்று காலை அவனை வெளியே விட்டபோது வராந்தாவில் பார்த்தேன். அவன் மனைவியும் இரண்டு பெண்களும் வாசல் பெஞ்சில் காத்திருந்தார்கள். சின்னவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு அவர்களிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், நிறுத்தாமல், பத்து வார்த்தைக்கு மேலேயே இருக்கும். நான் பக்கத்தில் போனேன். நிமிர்ந்து பார்த்தான். "போயிரு" என்றான். களைப்பாக இருந்தான், பாவம்.

இங்கே கைதிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் தருவார்கள் என்று உங்கள் ஏட்டய்யாவிடம் விசாரித்தேன். அரை மணி நேரமாம். அது போதும், எங்களுக்குள் நிறைய வார்த்தை தேவைப்படாது. கோபம் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் அவன் வருவான். என்னை விட்டால் அவனுக்குப் பேச யார் இருக்கிறார்கள்?